கொழுந்துக் கூடையும் வர்த்தகக் குறியும்

சந்தைக்குச் செல்பவர் கத்தரிக்காயை விரலால் அழுத்திப் பார்க்கின்றார். மீனின் செவுளை விரித்து அதன் செந்நிறத்தை நோக்குகின்றார். நெல்மணியைப் பல்லிடை வைத்துக் கடித்து அதன் உலர்வை அறிகின்றார். கண்ணும் கையும் நாவும் அங்கே சாட்சிகள். ஆயின், பல்லாயிரம் மைல் தொலைவில் விளைந்து, கப்பலேறி, முத்திரையிட்ட பொதியினுள் அடைபட்டு வரும் பண்டத்தை வாங்குபவர்க்கு இச்சாட்சிகள் எவையும் உதவா. பொதியின் மேற்பொறித்த பெயர் ஒன்றே அவர் முன் நிற்கின்றது. அப்பெயரை அவர் எதனால் நம்புகின்றார்? நம்பும்படி அவரைச் செய்வது யாது?

இக்கேள்வி இக்காலத்திலே புதியதொரு கோலத்தில் எழுந்துள்ளது. வாணிக நிறுவனங்கள் சமூக ஊடகங்களிலே தம் பெயருக்கு ஒரு மனித முகத்தைத் தேடிக்கொள்ள முயல்கின்றன. வயலில் நிற்கும் உழவரின் படம், தொழிற்சாலையின் உட்புறக் காட்சி, நிறுவனத் தலைவர் தம் கையாலேயே எழுதியவை போன்ற சில வரிகள் ஆகியன நாள்தோறும் கைத்தொலைபேசித் திரையில் வந்து செல்கின்றன. "இது விளம்பரமன்று, உள்ளதை உள்ளவாறு காட்டுகின்றோம்" என்பதே அவை அனைத்தின் உட்பொருள். இதனைப் புத்தம்புதிய கலையெனக் கருதுவோர் பலர். உண்மையில் இக்கலை நூற்றாண்டிற்கு மேற்பட்ட வயதுடையது. அதன் இளமைக் காலத்துச் சிறந்த உதாரணம் ஒன்று இலங்கையின் ஊவா மலைச்சாரலோடு தொடர்புடையது. அவ்வரலாற்றை அறிந்தோர்க்கு இன்றைய திரைக்காட்சிகளின் இயல்பும் நன்கு விளங்கும்.

பிரித்தானிய மக்கள் தேநீர் அருந்தும் வழக்கத்தை மேற்கொண்ட காலந்தொட்டே தேயிலைக் கலப்படமும் அவர்களைத் தொடர்ந்து வந்தது. ஒருமுறை ஊறவைத்துப் பயன்படுத்திய இலைகளை மீண்டும் உலர்த்தி விற்றோர் இருந்தனர். வேறு செடிகளின் இலைகளுக்குச் சாயமேற்றித் தேயிலையெனக் கொடுத்தோரும் இருந்தனர். 1820 ஆம் ஆண்டில் பிரடெரிக் அக்கும் என்னும் இரசாயன அறிஞர் உணவுக் கலப்படங்களைப் பற்றி லண்டனில் வெளியிட்ட நூல் பொதுமக்களைத் திடுக்கிடச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனாவிற் பயணஞ் செய்த ரொபேட் போச்சூன் என்னும் தாவரவியலாளர், ஏற்றுமதிக்குரிய பச்சைத் தேயிலைக்கு நீல வண்ணப்பொடியும் சுண்ணக் கனிமமும் சேர்க்கப்படுவதை நேரிற் கண்டு எழுதினார். பச்சை நிறம் மிகுந்தாலே நல்ல தேயிலை என மேனாட்டார் எண்ணினர். அவர்கள் விரும்பிய நிறத்தை விற்போர் பூசிக்கொடுத்தனர். வாங்குவோர் எதிர்பார்க்கும் 'உண்மைத் தோற்றம்' வேறு, உண்மை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த அச்சத்தினின்றே பொதியிலடைத்த தேயிலை வாணிகம் பிறந்தது. 1826 ஆம் ஆண்டில் ஜோன் ஹோர்னிமன் என்பார் நிறை குறித்து முத்திரையிட்ட பொதிகளில் தேயிலையை விற்கத் தொடங்கினார். திறந்த பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும்போது கடைக்காரர் கலப்படம் செய்யலாம். முத்திரையிட்ட பொதியில் அதற்கு இடமில்லை. கடைக்காரரின் முகத்தை நம்பி வாங்கிய காலம் அதனோடு கழியத் தொடங்கியது. பொதியிலுள்ள பெயரை நம்பி வாங்கும் காலம் மெல்ல வந்தது.

பெயர் செல்வமாக மாறியபோது அதனைத் திருடுவோரும் தோன்றினர். ஆகவே சட்டம் தலையிட்டது. உணவுக் கலப்படத்தைத் தண்டிக்கும் சட்டமும், வர்த்தகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டமும் பிரித்தானியாவில் 1875 ஆம் ஆண்டிலேயே நிறைவேறின. 1876 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்ற குறி, பாஸ் என்னும் மதுபான நிறுவனத்தின் செந்நிற முக்கோணமாகும். எனினும் இச்சட்டத்தின் எல்லை கருதத்தக்கது. ஒருவரது குறியை மற்றொருவர் களவாடாதபடி அது காத்தது. குறி சொல்லும் கதை முழுவதும் மெய்யா என்பதை ஆராய்வது அதன் வேலையன்று.

அக்கதைகள் எவ்வாறு புனையப்பட்டன என்பதற்கு 'மசவத்தி' என்னும் பெயரை நோக்கலாம். லண்டன் தேயிலை வணிகர் சிலர் 1887 ஆம் ஆண்டில் இப்பெயரைப் பதிவு செய்தனர். சுவையின்பத்தைக் குறிக்கும் 'மசா' என்னும் இந்துஸ்தானிச் சொல்லையும், தோட்டத்தைக் குறிக்கும் 'வத்த' என்னும் சிங்களச் சொல்லையும் இணைத்து ஆக்கிய பெயர் அது. அத்தகைய சொல் எம்மொழியிலும் வழங்கியதில்லை. ஆயினும் லண்டன் மாதொருத்தியின் செவியில் அது கீழைத்தேயத்து மலைத்தோட்டம் ஒன்றின் பழம்பெயராகவே ஒலித்தது.

இனி, இலங்கையின் நிலையைக் காண்போம். இத்தீவின் மலைநாடு முன்னர் கோப்பிக்குப் பெயர் பெற்றிருந்தது. 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் அப்பயிரைப் படிப்படியாக அழித்தது. தோட்ட முதலாளிகள் பலர் கடனில் மூழ்கினர். 1884 ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. ஆனால், 1867 ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873 ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து லண்டனுக்குச் சென்ற தேயிலை 23 இறாத்தல் மாத்திரமே. 1883 ஆம் ஆண்டில் கொழும்பில் பகிரங்கத் தேயிலை ஏலம் ஆரம்பமாயிற்று. 1890 ஆம் ஆண்டளவில் உற்பத்தி ஏறத்தாழ 22,900 தொன்னாகப் பெருகியது. மறு ஆண்டில் கார்ட்மோர் தோட்டத்துத் தேயிலை லண்டன் ஏலத்திலே இறாத்தல் ஒன்று 25 பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அவ்வளவு விலை அத்தேயிலையின் சுவைக்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று. செய்தித்தாள்களில் எழும் பேச்சுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

இச்சூழலில் இலங்கைக்கு வந்தவரே தோமஸ் லிப்டன். அவர் 1848 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிலே, அயர்லாந்திலிருந்து குடியேறிய எளிய பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் பெற்றோர் சிறியதொரு உணவுப்பொருட் கடை நடத்தினர். லிப்டன் இளம் வயதிலேயே அமெரிக்காவுக்குச் சென்று சில ஆண்டுகள் பல தொழில்களைப் பார்த்தார். நியூயோர்க் நகரின் பெருங்கடை ஒன்றில் வேலை செய்தபோது, பண்டங்களை அழகுற அடுக்குதலும், வருவோரை முகமலர்ந்து வரவேற்றலும், ஊரறியக் கூவி விளம்பரஞ் செய்தலும் வாணிகத்தின் உயிர்நாடி என்பதைக் கற்றார். தாயகம் மீண்டு 1871 ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் தம் முதற் கடையைத் திறந்தார்.

அவர் கையாண்ட விளம்பர முறைகள் வேடிக்கையானவை. கொழுத்த பன்றிகளை வீதிவழியே தம் கடைக்கு ஊர்வலமாக நடத்திச் செல்வித்தார். 1881 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து பெரும் பாற்கட்டி ஒன்றை வரவழைத்து, அதனுள் பொற்காசுகளைப் புதைத்து நத்தார்க் காலத்தில் வெட்டி விற்றார். மக்கள் திரள்திரளாக வந்து வாங்கினர். மற்றொரு சமயம் ஸ்கொத்லாந்து வங்கிகளின் பணத்தாளைப் போன்ற துண்டுகளை அச்சிட்டு வழங்கினார். ஒரு பவுண் பெறுமதியான பன்றியிறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் தம் கடையில் பதினைந்து சிலிங்குக்குக் கிடைக்கும் என்பதே அவற்றில் எழுதப்பட்டிருந்த வாசகம். அவற்றை உண்மைப் பணமென மயங்கியோரும், மயக்கிப் பிறரிடம் மாற்றியோரும் உண்டு. ஊர் சிரித்தது, கடையின் பெயர் பரவியது. எனினும் சிரிப்பு வேறு, நம்பிக்கை வேறு. தேயிலை விற்பதற்குச் சிரிப்பு மட்டும் போதாது என்பதை லிப்டன் உணர்ந்திருந்தார்.

1890 ஆம் ஆண்டில் அவர் அவுஸ்திரேலியப் பயணம் என்று சொல்லிக் கப்பலேறி இலங்கையில் இறங்கினார். கோப்பியின் வீழ்ச்சியால் தோட்டங்கள் மலிந்த விலைக்குக் கிடைத்த காலம் அது. ஹப்புத்தளையை அடுத்த தம்பேதென்ன உட்படப் பல தோட்டங்களை அவர் வாங்கினார். தம்பேதென்னையிலே தேயிலைத் தொழிற்சாலையையும் எழுப்பினார். அம்மலையின் உச்சியில் அவர் அமர்ந்து நிலப்பரப்பை நோக்கியதாகச் சொல்லப்படும் இடம் இன்றும் 'லிப்டன் இருக்கை' என்னும் பெயரோடு பயணிகளை ஈர்த்துக்கொண்டிருக்கின்றது.

தோட்டங்கள் கைக்கு வந்ததும் அவர் விளம்பரங்களின் தொனி மாறியது. பன்றி ஊர்வலக் காலத்துக் கேலி அடங்கியது. "தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு" என்னும் கருத்துடைய வாசகம் அவரது முத்திரை மொழியாயிற்று. இடைத்தரகர் இல்லை, பல கைகள் மாறவில்லை, பயிரிடுபவரே விற்பவர் என்பதே அதன் பொருள். விளம்பரங்களிலே அவர் தம்மை மளிகைக் கடைக்காரர் என்று கூறிக்கொள்ளவில்லை. இலங்கைத் தோட்ட முதலாளி என்றே கூறிக்கொண்டார். தோட்டங்களின் பெயர்களும் வரிசையாக அச்சிடப்பட்டன. பிற கடைகளில் நல்ல தேயிலை இறாத்தல் இரண்டரை சிலிங்குக்கு மேல் விற்ற வேளையில், அவர் ஒரு சிலிங் ஏழு பென்சுக்கு விற்றார். இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என அளவிட்ட பொதிகள் ஏழைத் தொழிலாளர் வீட்டுக்கும் எட்டின. அந்தந்த நகரத்து நீரின் தன்மைக்கேற்பத் தேயிலையைக் கலந்து தருவதாகவும் அவர் நிறுவனம் அறிவித்தது. தன் ஊர்த் தண்ணீரையும் அறிந்த வணிகர் தன்னையும் அறிந்தவரே என வாங்குவோர் எண்ணியதில் வியப்பில்லை.

இவ்வாசகம் எந்த அளவுக்கு மெய்? லிப்டன் இலங்கையில் தோட்டங்கள் வைத்திருந்தது மெய். அவற்றில் நல்ல தேயிலை விளைந்ததும் மெய். விலையைக் குறைத்ததும், பொதியின் நிறையையும் தரத்தையும் ஒருசீராகப் பேணியதும் மெய். ஆயின் அவரது நூற்றுக்கணக்கான கடைகளில் விற்பனையான தேயிலையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே அவருடைய தோட்டங்கள் தரக்கூடியனவாக இருந்தன. எஞ்சிய பெரும்பகுதி மற்ற வணிகர் வாங்கிய அதே ஏலச் சந்தைகளில் வாங்கப்பட்டுக் கலக்கப்பட்டதாகும். தோட்டத்திலிருந்து கேத்தலுக்கு நேர்வழி ஒன்று இருந்தது. ஆனால் பொதிகளுட் பெரும்பாலானவை அவ்வழியே வந்தவையல்ல. ஆகவே அதனை முழுப் பொய் என்பதற்கில்லை. உண்மையின் ஒரு துண்டை எடுத்து முழுமைக்கும் போர்த்திய செயல் என்பதே பொருந்தும். பணத்தாளைப் போன்ற துண்டு எளிதில் வெளுத்துப்போயிற்று. உண்மையின் மேல் எழுப்பப்பட்ட இந்த வாசகமோ தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

வாசகத்துக்கு உறுதி தர ஓர் உருவமும் தேவைப்பட்டது. 1890களின் லிப்டன் விளம்பரங்களிற் கொழுந்துக் கூடையுடன் நிற்கும் தமிழ்ப் பெண்ணின் சித்திரத்தைக் காணலாம். சேலை, அணிகலன், பின்னணியில் மலைச்சரிவு, முகத்தில் அமைதி. லண்டனிலோ கிளாஸ்கோவிலோ இருந்த வாசகர்க்கு அம்முகமே சாட்சி. 'இதோ, இவள் பறித்தாள், இவர் கொணர்ந்தார், நாம் பருகுகின்றோம்' என்னும் உறவொன்றை அச்சித்திரம் கண நேரத்தில் உண்டாக்கியது. லிப்டன் மட்டுமன்றிப் பிற தேயிலை வணிகரும் தோட்ட முதலாளிகளின் சங்கத்தாரும் இவ்வழியைப் பின்பற்றினர். 1893 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிலே நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், இலங்கைக் கட்டடக் கலைப் பாணியில் ஒரு மண்டபம் எழுப்பித் தீவின் உடையணிந்தோரைக் கொண்டு தேநீர் வழங்கினர். அக்காட்சியில் இலங்கைத் தேயிலை பெருந்தொகையாக விற்பனையாயிற்று.

அச்சித்திரத்துப் பெண் யார்? அவளது பெயரை விளம்பரம் கூறவில்லை. அவள் பெற்றோரோ பாட்டனாரோ புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளினின்று பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் அஞ்சிப் புறப்பட்டோராதல் வேண்டும். கோப்பிக் காலத்தில் அவ்வாறு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியிற் பலரைக் கொண்டுசென்றன. ஊரிலேயே கங்காணியிடம் பெற்ற முற்பணம் அவர்களைக் கடனாளிகளாக்கியது. தோட்டம் மாறவேண்டின் அக்கடன் தீரவேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன ஆட்களை விடுவிப்போம் எனத் துரைமார் எழுதிக்கொடுக்கும் தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளர் குடும்பங்கள் கடனோடு சேர்ந்து கைமாறிய இம்முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பொதியின் மேல் ஒட்டிய வண்ணத் தாளில் அவள் புன்னகைத்தாள். அவள் வாழ்வைத் தீர்மானித்த தாளோ அத்துண்டு. முதலாவது தாளை உலகம் கண்டது. இரண்டாவதைத் தோட்டத்துக்கு வெளியே கண்டோர் சிலரே. ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிக் கிடந்த ஒற்றை அறை லயமும் எந்த விளம்பரத்திலும் இடம்பெறவில்லை.

லிப்டனோ தம் உருவத்தையும் வாணிகத்தின் பகுதியாக்கிக்கொண்டார். 1897 ஆம் ஆண்டில், விக்டோரியா அரசியின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி ஏழைகளுக்கு விருந்தளிக்கும் நிதிக்கு 25,000 பவுண் வழங்கினார். மறு ஆண்டில் 'சேர்' பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே தம் வாணிகத்தைப் பங்குடைமைக் கம்பனியாக்கினார். 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் 'ஷம்ரொக்' என்னும் பெயருடைய படகுகளோடு அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பற் போட்டியில் கலந்து ஐந்து முறையும் தோற்றார். தோல்வியை அவர் ஏற்ற பெருந்தன்மையைக் கண்டு 1930 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொதுமக்கள் பணந்திரட்டிப் பொற்கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தனர். அமெரிக்க நாட்டில் அவரது தேயிலைக்கு இதனினும் சிறந்த விளம்பரம் வாய்த்திருக்க முடியாது. அவர் படகோட்ட விரும்பியது நடிப்பன்று. ஆனால் அவ்விருப்பம் வாணிகத்துக்கும் பயன்பட்டது.

ஒரு மனிதரின் முகத்தில் நம்பிக்கையை ஏற்றிவைப்பதில் ஓர் இடரும் உண்டு. 1914 ஆம் ஆண்டில், படைமுகாம் உணவுச்சாலைகளுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் தொடர்பாக இலஞ்ச வழக்கொன்று லண்டனில் நடைபெற்றது. படையதிகாரிகள் சிலரும் லிப்டன் கம்பனி அலுவலர் சிலரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். லிப்டன் மீது குற்றஞ் சாட்டப்படவில்லை. ஆயினும் கம்பனியும் மனிதரும் ஒரே பெயரைத் தாங்கியிருந்தமையால் களங்கத்தின் நிழல் அவர் மீதும் வீழ்ந்தது. அவர் 1931 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் காலமானார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1932 இல், இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைந்தது. தனியொரு வணிகரின் பெயருக்குப் பதிலாக நாட்டின் பெயரையே குறியாக உயர்த்துவது அதன் நோக்கமாயிற்று. சுவரொட்டிகளிற் கொழுந்து பறிக்கும் பெண் தொடர்ந்து இடம்பெற்றாள். ஆயின், இலங்கையின் அடையாளமாக உலகெங்கும் ஒட்டப்பட்ட அவளை இலங்கைக் குடியாக ஏற்க நாட்டின் சட்டம் மறுத்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். வாக்குரிமையும் அவர்களைவிட்டு நீங்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவாவதற்கு விடப்பட்டது. நாடற்ற நிலை முற்றாக நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு நாட்டின் பொருளை மெய்யென நிறுவப் பயன்பட்ட முகம், அந்நாட்டின் பதிவேட்டில் இடம்பெறாதிருந்த காலம் அரை நூற்றாண்டிற்கு மேற்பட்டது.

1972 ஆம் ஆண்டில் நாட்டின் ஆங்கிலப் பெயர் 'சிலோன்' என்பதிலிருந்து 'ஸ்ரீ லங்கா' என மாறியது. ஆயினும் தேயிலை மட்டும் 'சிலோன் டீ' என்னும் பழம்பெயரைக் கைவிடவில்லை. உலகம் நம்பிய பெயரை இழக்க எவரும் துணியவில்லை. 1975 ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1976 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைத் தேயிலைச் சபை, வாளேந்திய சிங்க இலச்சினையைப் பேணி வருகின்றது. கலப்பற்ற இலங்கைத் தேயிலையாக இருத்தல், இலங்கையிலேயே பொதியிடப்பட்டிருத்தல், சபை விதித்த தரத்தை எய்தியிருத்தல் ஆகியன அவ்விலச்சினையைப் பொறிப்பதற்குரிய நிபந்தனைகள். பல நாட்டுத் தேயிலைகள் கலந்து விற்கப்படும் சந்தையிலே இது பெறுமதியான காப்பு. 'நம்புங்கள்' என்று கூறுவதோடு நில்லாது, சோதித்தறியத்தக்க நிபந்தனைகளை முன்வைப்பது இதன் சிறப்பு. எனினும் இலையின் மெய்ம்மைக்கே அது சான்று. இலையைப் பறித்தவரின் வாழ்வுக்கன்று.

அவ்வாழ்வைப் பற்றிக் கூறும் குரல் சித்திரத்துக்கு வெளியேதான் எழுந்தது. 1947 ஆம் ஆண்டில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாழ்வை எழுத்தில் வடித்ததோடு, அவர்தம் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். கொழுந்துக் கூடையைத் தாங்கியவர்க்குத் துயரும் சினமும் நகைச்சுவையும் உண்டு என்பதை அப்பாடல்கள் காட்டின. ஆனால் தேயிலைப் பொதியை வாங்கிய தூரதேசத்தார் அவற்றைக் கேட்டாரல்லர்.

இன்று அந்நிலை மாறியிருக்கின்றது. மாற்றியது விளம்பரம் செய்வோரின் கருணையன்று. சமூக ஊடகத்தின் இயல்பே. லிப்டன் காலத்திலே சித்திரத்தை அச்சிடும் ஆற்றல் வணிகரிடம் மட்டும் இருந்தது. சித்திரத்தில் நின்றவளிடம் அச்சியந்திரம் இல்லை. இன்றோ அவளுடைய பேரப்பிள்ளைகளின் கையிலே கைத்தொலைபேசி இருக்கின்றது. 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் 24 ஆந் திகதி, தோட்டத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா அடிப்படைச் சம்பளம் வேண்டி, மலையக இளைஞர் பெருந்திரளாகக் கறுப்புடை அணிந்து கொழும்புக் காலிமுகத்திடலிற் கூடினர். அவர்களை ஒன்றுகூட்டிய அழைப்பு சமூக ஊடகங்களின் வழியே பரவியதாகும். அத்தொகை 2021 ஆம் ஆண்டில் நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டது. வண்ணத் தாளில் மௌனமாக நின்ற முகம், அத்தாள் சொல்லாத செய்தியைத் தானே சொல்லத் தொடங்கியது.

தம் பெயர் மெய்யெனத் தோன்றவேண்டும் என விரும்பும் நிறுவனங்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. தோட்டத்தைக் காட்டுவதும், உழைப்பவரைக் காட்டுவதும், தலைவரைக் காட்டுவதும் லிப்டன் முன்னரே கண்ட வழிகள். அவை பலித்தமைக்குக் காரணம், அவற்றின் அடியில் நல்ல பண்டமும் நியாயமான விலையும் இருந்தமையே. அவ்வளவு அடிப்படையும் இல்லாத காட்சி, பாற்கட்டியினுட் புதைத்த காசைப் போல ஒரு பண்டிகைக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டு மறைந்துபோகும். ஆயின் நல்ல பண்டமும் நல்ல படமும் மட்டும் இனிப் போதா. திரையிற் காட்டப்படும் உழவரும் நெசவாளரும் கொழுந்து பறிப்பவரும் அத்திரையின் கீழேயே தம் கருத்தை எழுதக்கூடியவர்கள். 'எமது குடும்பத்தவர்' என ஒரு நிறுவனம் ஒருவரை அறிமுகஞ் செய்யுமாயின், அக்குடும்பத்தில் தமக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்பதை அவரே கூறிவிடலாம். அவர் கூறுவதும் படம் கூறுவதும் ஒத்திருந்தால் அந்நிறுவனத்துக்கு வேறு விளம்பரம் தேவையில்லை. ஒவ்வாதிருந்தால் எவ்விளம்பரமும் அதனைக் காவாது.

வாங்குவோர்க்கும் இதிலோர் கடமை உண்டு. பச்சை நிறத்தை விரும்பியமையாலேயே பச்சைச் சாயம் பூசப்பட்டது என்பதை மறத்தலாகாது. மலைச்சரிவின் அழகையும் புன்னகையையும் மட்டும் கேட்போர்க்கு அவையே வழங்கப்படும். கூடையின் எடை எவ்வளவு, அதற்குக் கிடைத்த கூலி எவ்வளவு, கூடையைச் சுமந்தவர் உறங்கும் அறை எத்தகையது எனக் கேட்போர் பெருகினால் அவற்றுக்கும் மறுமொழி கூறியே ஆகவேண்டும். தம்பேதென்ன மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் இன்றும் காலையில் கூடையேந்திச் செல்கின்றனர். அவர்களைப் படமெடுப்போர் பலர். அப்படங்களைக் காண்போர் அவர்கள் சொல்வதையும் கேட்பாராயின், வர்த்தகக் குறி சொல்லும் கதை அன்றுதான் நிறைவுபெறும்.